விளக்கணைக்கும் முன் ஒரு வாய்: ராத்திரிப் பழக்கங்களும் ரகசிய ருசிகளும்

பூண்டுப் பாலில் இருந்து ஆரம்பிக்கலாம். நிறையப் பேர் ஒரே ஒரு தடவை போட்டுக் குடித்துவிட்டு, வாடை தாங்காமல் அதோடு விட்டுவிடுகிறார்கள். பூண்டைத் தட்டிப் போடுவதால் வரும் வினை அது. தட்டும்போதோ நறுக்கும்போதோதான் பூண்டுக்குள் இருக்கும் நொதி வேலை செய்து, காரமும் வாடையும் உள்ள அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லாகவே வேகவிட்டால் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். பல் வெண்ணெய் மாதிரி குழைந்து, லேசாக இனிக்கும்.

ஒரு ஆளுக்கு நாட்டுப் பூண்டு என்றால் 10 பல், மலைப்பூண்டு என்றால் 5 போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வைத்தால் தோல் கழன்று வரும். முதலில் அரை டம்ளர் தண்ணீரில் மூடி போட்டு வேகவிடுங்கள். தண்ணீர் வற்றி, பல்லைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதன் பிறகுதான் ஒரு டம்ளர் பால். எடுத்தவுடன் பாலிலேயே வேகவைத்தால் பூண்டு வேகும் முன் பால் அடிபிடித்துவிடும். மஞ்சள்தூள் இரண்டு சிட்டிகை, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை போட்டு, சின்னத் தீயில் 5 நிமிடம். மஞ்சளை இறக்கிய பிறகு தூவினால் பச்சை வாசனை போகாது.

இனிப்புக்குப் பனங்கற்கண்டு ஒரு டீஸ்பூன் சரியாக இருக்கும். வெல்லமோ கருப்பட்டியோ போடுகிறவர்கள் அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் அதிலுள்ள புளிப்பில் பால் திரிந்துவிடும்.

இனி ரகசியம். பாலைக் கலக்காமல், வாய் அகன்ற பாத்திரத்தில் கால் மணி நேரம் அப்படியே விட்டால் மேலே ஆடை கட்டும். அதை ஸ்பூனால் சுருட்டி எடுத்து, நாலு பரல் சர்க்கரை தொட்டு, வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு நின்றபடியே சாப்பிட வேண்டும். தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த ருசி வராது.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பூண்டுப் பாலைக் குடித்த கையோடு படுக்கக் கூடாது. பாலும் பூண்டும் சேர்ந்து சிலருக்கு நெஞ்சைக் கரிக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே குடித்துவிடுங்கள். அப்படியும் கரித்தால் இடது பக்கமாகச் சரிந்து படுங்கள், அமிலம் மேலேறுவது குறையும். பல் தேய்ப்பது பாலுக்குப் பிறகுதான். தேய்த்துவிட்டு ஆடையும் சர்க்கரையும் சாப்பிட்டால் தேய்த்ததற்கு அர்த்தமே இல்லை. பனங்கற்கண்டும் சர்க்கரைதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பில்லாமல் குடியுங்கள்.

* * *

ஹார்லிக்ஸைப் பாலில் கலக்காமல் வெறும் பொடியாகச் சாப்பிடுவது பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பானமாகத்தான் நம்மூரில் அதற்குப் பெயர். ஆனால் பிரிட்டனில் அது படுக்கும் முன் குடிக்கிறது. ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற அண்ணன் தம்பிகள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் 1873-இல் தொடங்கிய தொழில் அது. 1930-களில் பிரிட்டனில் 'ராத்திரிப் பட்டினி' என்று ஒன்றைச் சொல்லியே அதை விளம்பரம் செய்தார்கள். ஆகவே ராத்திரி பத்தரைக்கு அந்த மூடியைத் திறப்பது ஒன்றும் புதுத் தப்பில்லை.

முறை இதுதான். ஸ்பூன் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். ஈர ஸ்பூன் ஒரு தடவை உள்ளே போனால் போதும், மால்ட் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரக் காற்றில் மூடி சரியாகத் திருகாவிட்டாலே கட்டிவிடும். அளவு, ஒரு டீஸ்பூன் தலைதட்டி. குவித்து எடுத்தால் பொடி தொண்டைக்குப் போய்ப் புரை ஏறும். மூச்சை வெளியே விட்டுவிட்டு வாயில் போட்டு, உதட்டை மூடி, அப்புறம் மூக்கால் மூச்சு. உடனே மெல்லாதீர்கள். நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே அழுத்தி வைத்தால் எச்சிலில் ஊறி டாஃபி மாதிரி இழுபடும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். பாட்டிலின் அடியில் கட்டியாகிப் போனதைத் தூக்கி எறியாதீர்கள். கெட்ட வாடையோ பூசணமோ இல்லை என்றால் கத்தி முனையால் பெயர்த்து எடுங்கள், எல்லாவற்றிலும் ருசியானது அதுதான்.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வெறும் பொடி வேண்டாம். புரை ஏறினால் அவர்களால் சமாளிக்க முடியாது.

* * *

மே மாதம் மொட்டை மாடியில் படுப்பவர்களுக்கு. 'மாடியில்கூடக் காற்றே இல்லை' என்று பாதி ராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். அங்கே சுடுவது காற்று அல்ல, தளம். பகல் முழுக்க வாங்கிய வெயிலை கான்கிரீட் நடுராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும்.

வெயில் இறங்கியதும், ஆறு ஆறரைக்கு முதல் தண்ணீர். 100 சதுர அடிக்கு 15 லிட்டர் பக்கெட்டில் இரண்டு. ஊற்றியதும் குப்பென்று ஆவி எழும், அந்த நேரம் மேலே நிற்க முடியாது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது தண்ணீர். தளத்தை உண்மையில் குளிர வைப்பது இதுதான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். தண்ணீர் ஆவியாகும்போதுதான் தளத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் தேங்கி நிற்கும்படி விடாமல், விளக்குமாற்றால் பரப்பிவிடுங்கள். மதுரை, திருச்சிப் பக்கம் வறண்ட காற்று, சீக்கிரம் காய்ந்துவிடும். சென்னையில் ஈரக்காற்று, ஒன்பதரை வரைகூட ஆகும். உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் பாய் விரியுங்கள். ஈரத்தில் விரித்த கோரைப் பாய் பூசணம் பிடிக்கும்.

பிளாஸ்டிக் பாய் வேண்டவே வேண்டாம், முதுகு வேர்த்து ஒட்டும். கோரைப் பாய் வேர்வையை வாங்கிக்கொள்ளும். பத்தமடையில் மெல்லிசாக நெய்கிற பட்டுப் பாயை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், கரடுமுரடான தளத்தில் பாவு நூல் அறுந்துவிடும். மாடிக்குச் சாதாரண முரட்டுக் கோரை போதும், மேலே பழைய பருத்தி வேட்டி ஒன்று.

இன்னொரு தப்பு, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் படுப்பது. காற்று சுவருக்கு மேலே தாண்டிப் போய்விடும். சுவரிலிருந்து எட்டு பத்து அடி தள்ளி, நடுவில் படுங்கள். கயிற்றுக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அடியிலும் காற்று ஓடும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் படுக்கவே கூடாது. தூக்கத்தில் எழுந்து நடப்பவர் வீட்டில் இருந்தால் மாடியே வேண்டாம்.

விடியற்காலை நாலு மணி வாக்கில் பனி இறங்கும். கால்மாட்டில் ஒரு மெல்லிய போர்வை மடித்து வையுங்கள். இலவம் பஞ்சுத் தலையணையை விடிந்ததும் கீழே கொண்டுபோகாமல், ஏழு மணி வெயில் படும்வரை விட்டுவைத்தால் ஈரம் போகும்.

பத்து மணிக்கு மல்லாந்து படுத்தால் வடக்கே சப்தரிஷி மண்டலம், தென்கிழக்கே விருச்சிகம். விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக மின்னுவது கேட்டை. போனைக் கீழேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

* * *

கொசுவைச் சொல்லாமல் மாடித் தூக்கமா? வலை வாங்கும்போது ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளை என்ற கணக்கைக் கேளுங்கள். அதைவிடப் பெரிய கண் என்றால் சின்னக் கொசு நுழைந்துவிடும். நாலு மூலையையும் விறைப்பாகக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் ஒரு சாண் செருகுங்கள். தொய்ந்த வலையில் முழங்கை ஒட்டியிருந்தால் வெளியே இருந்தபடியே கடிக்கும். உள்ளே போனதும் டார்ச் அடித்து மேல் மூலைகளைப் பாருங்கள், புகுந்தது அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

* * *

கால் கழுவிவிட்டுப் படு என்று பெரியவர்கள் சொன்னது அழுக்குக்காக மட்டும் இல்லை. தூக்கம் வர உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் பட்டால் பாதத்து ரத்தக்குழாய்கள் விரிந்து, அந்த வழியாகச் சூடு வெளியேறும். குளிப்பதானால் படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 10 நிமிட வெந்நீர்க் குளியல். விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண். பிறகு குதிகாலுக்கு விளக்கெண்ணெய் நாலு சொட்டு. கட்டிலில் உட்கார்ந்த பிறகு தடவுங்கள், தடவிவிட்டு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும்.

ஃபேனை ஐந்தில் வைத்துக் கழுத்து வரை போர்வை போர்த்துவதும் இதே கணக்குதான். ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி வையுங்கள், அதிகச் சூடு அதன் வழியே போய்விடும்.

* * *

எல்லாம் முடிந்த பிறகும் அடுக்களையில் ஒரு வேலை பாக்கி, பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. சோறு ஆறியிருக்க வேண்டும், ஆனால் மதியம் வடித்து வெளியிலேயே கிடந்தது ஆகாது. ராத்திரி வடித்ததைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு எடுங்கள். சூடாக ஊற்றினால் கொழகொழத்துவிடும். புழுங்கல் அரிசிச் சோறுதான் பருக்கையாக நிற்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க ஊற்றி, மண்சட்டியில் தட்டு போட்டு மூடுங்கள். உப்பு இப்போது வேண்டாம், காலையில் பிசையும்போது போடுங்கள். குளிர்காலத்தில் காலை வரை தாராளமாக வைக்கலாம். கோடையில் எட்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் புளிப்பு ஏறிவிடும். வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

சின்ன வெங்காயம் ஆறு உரித்து மூடிமேல் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். மோர் மிளகாயை மட்டும் காலையில் வறுங்கள். ராத்திரியே வறுத்து வைத்தால் நமத்துவிடும், அதுவும் மிஞ்சியிருந்தால்.