‘இயற்கை ஹார்மோன்’ என்று கிழங்குக் களிம்பைப் பரிந்துரைப்பவருக்கு ஒரு கேள்வி

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
நேற்று சாயல்குடிப் பனையன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “செயற்கை ஹார்மோன் புற்றுநோய் தரும், இயற்கை ஹார்மோன் தராது. 2002இல் அமெரிக்காக்காரனே ஆராய்ந்து சொல்லிவிட்டான். மாதவிடாய் நிற்கிற வயதில் காட்டுவள்ளிக்கிழங்குக் களிம்பு தடவினால் போதும்” என்கிறார். தம்பி, அந்த ஆய்வில் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து. அந்த மருந்துக்குப் பிரெமாரின் என்ற பெயரே அதை வைத்துத்தான்: ஆங்கிலத்தில் ‘பிரெக்னன்ட் மேர்ஸ் யூரின்’. 1942 முதல் விற்பனையில் இருக்கிறது. குதிரை மூத்திரத்தைவிட இயற்கையான சரக்கு உங்களிடம் உண்டா?

சாயல்குடிப் பனையன்:
மாத்திரை விற்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அக்கா பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். குதிரைச் சரக்கோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் பெயர் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல ஆய்வுக்கூடத்தில் செய்தது. கருப்பை எடுத்த பெண்களுக்குக் குதிரைச் சரக்கை மட்டும் கொடுத்தபோது மார்பகப் புற்று கூடவில்லை. அப்படியானால் குற்றவாளி யார்? நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி. கிழங்கிலிருந்து வருவது இயற்கை. அவ்வளவுதான்.

தேவிபட்டினம் தேவா:
சுண்டல் வாங்கி உட்கார்ந்தாச்சு. நடத்துங்கள்.

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
பாதியை விழுங்கியது யார்? அதே குதிரைச் சரக்கைத் தனியாகச் சாப்பிட்டவர்களுக்கும் பக்கவாதம் கூடியது. அதை ஏன் எழுதவில்லை? இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 16,608 பெண்கள். சராசரி வயது 63. மார்பகப் புற்று கூடியது பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு 8 பேர் கணக்கில். பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் 48 வயதில் உடம்பு கொதிக்கிறது என்று வருகிறவளிடம் இந்தக் கணக்கை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இப்போது உங்கள் கிழங்கு. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோக் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, அதைப் படிப்படியாக மாற்றிப் புரோஜெஸ்டிரோன் செய்தார். அந்த வேலையெல்லாம் நடந்தது குடுவையில். நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. கிழங்கை அரைத்துத் தடவினால் டயோஸ்ஜெனின் டயோஸ்ஜெனினாகவே கிடக்கும்.

பனை தெரிந்தவருக்குப் பனை வழியிலேயே சொல்கிறேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்றுதானே என்று பச்சைப்பிள்ளைக்குக் கள் ஊற்றுவீர்களா?

சாயல்குடிப் பனையன்:
பனையைப் பற்றி எனக்கு உச்சிப்புளியிலிருந்து பாடமா? என் தாத்தா நாற்பது மரம் ஏறியவர். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். புரோஜெஸ்டிரோன் கிழங்கிலிருந்து வந்ததா இல்லையா? ஆம், இல்லை. ஒரே சொல்.

தொண்டித் தோணி:
பனை பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன மாதம் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கினேன். நாக்கில் வைத்தால் சீனி. இயற்கையைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர்கள் முதலில் கருப்பட்டியைக் கருப்பட்டியாக விற்கட்டும்.

சாயல்குடிப் பனையன்:
எந்தக் கடையில் வாங்கினீர்கள்? ரோட்டோரக் கடையில் வாங்கிவிட்டு ஊரைக் குறை சொல்லாதீர்கள். நல்ல கருப்பட்டி உடைத்தால் உள்ளேயும் கறுப்பாக இருக்கும். தொண்டிக்காரருக்குக் கருவாடு தெரியும், கருப்பட்டி தெரியாது.

தொண்டித் தோணி:
கருவாட்டை இழுக்காதீர்கள் அண்ணே. வருத்தமாக இருக்கும்.

சின்னப்பாலம் பாசிக்காரி:
நான் ஒன்று கேட்கலாமா? எனக்கு வயது 49. தீட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது. தண்ணீருக்குள் பாசி எடுக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. வத்தைப் படகில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சிலிருந்து காது வரை நெருப்பு ஏறுகிறது. விரலில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தால் அந்த உப்பு கண்ணில் எரிகிறது. பக்கத்தில் இருப்பவள் காய்ச்சலா என்கிறாள். ராத்திரி பாய் நனைந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் கிழங்குக் களிம்பை ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 1,200 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் தடவினேன். வாசனை நன்றாக இருந்தது.

சாயல்குடிப் பனையன்:
மூன்று மாதம் போதாது அக்கா. கிழங்கு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
செய்யாத வேலையை மெதுவாகச் செய்தால் என்ன, வேகமாகச் செய்தால் என்ன? அக்கா, களிம்பை நிறுத்துங்கள். பெண் மருத்துவரிடம் போய் இரத்தக் கொதிப்பு, மார்பு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கருப்பை இருக்கிறவளுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. கருப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றாகலாம். 1970களில் அமெரிக்காவில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும். அந்த இடத்தில் கிழங்குக் களிம்பை நம்பினால் காவலுக்குப் பொம்மையை நிறுத்திய கதைதான்.

இப்போது பொடியாக அரைத்து எண்ணெயில் கலந்த புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல் வருகிறது. நம் உடம்பில் சுரப்பது எதுவோ, அணு மாறாமல் அதுவே. செடியில் தொடங்கி ஆலையில் முடித்தது. (சிலவற்றில் கடலை எண்ணெய் இருக்கும், கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.) ஈஸ்ட்ரோஜனிலும் தோலில் தடவும் ஜெல் இருக்கிறது. விழுங்கும் மாத்திரையைவிட இரத்தம் உறையும் பயம் அதில் குறைவு.

சாயல்குடிப் பனையன்:
‘செடியில் தொடங்கி’! எல்லாரும் படித்தீர்களா? அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். கிழங்குதான்.

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
ஒப்புக்கொண்டேனா? அப்படியே ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 1951இல் மெக்சிகோவில் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்ததும் அதே கிழங்குச் சரக்கிலிருந்துதான். நேற்று நீங்கள் ‘செயற்கை விஷம்’ என்று எழுதினீர்களே, அதே மாத்திரை. புரோஜெஸ்டிரோனை வெறுமனே விழுங்கினால் கல்லீரல் சிதைத்துவிடுகிறது என்று அதன் உருவத்தை மாற்றினார்கள். ஒரே கிழங்கில் உங்கள் அமிர்தமும் வந்தது, உங்கள் விஷமும் வந்தது. இப்போது கிழங்கு இயற்கையா, செயற்கையா? ஒரே சொல்.

தேவிபட்டினம் தேவா:
எனக்கு ஒரு சந்தேகம். தை மாதம் முழுக்கப் பனங்கிழங்கு அவித்துத் தின்றேன். மீசை கொட்டுமா?

கீழக்கரை மருமகள்:
நோரெத்திஸ்டிரோன் என்றதும் ஞாபகம் வருகிறது. நாள் தள்ளிப்போடும் மாத்திரைதானே? என் நாத்தனார் கல்யாணத்துக்கு உச்சிப்புளிப் பக்கம் ஒரு கடையில் சீட்டே இல்லாமல் கொடுத்தார்கள். அவளுக்கு நான்கு நாள் தலைவலி. இங்கே நீதி பேசுகிற அக்கா எந்தக் கடை என்று கேட்க மாட்டேன்.

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
கேட்க மாட்டேன் என்று சொல்லிக் கேட்கிற சாமர்த்தியம் உங்களுக்குத்தான் வரும் லாத்தா. போன வருடம் முண்டு மிளகாய் சண்டையில் நான் சொன்னதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை, தெரிகிறது.

என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். இராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆட வரும் குடும்பத்தில் யாராவது ஒரு ஆம்பளை வந்து நிற்பார். பெயர் சொல்ல வெட்கம். உள்ளங்கையில் மடித்த காகிதத்தை நீட்டுவார். நான் கேட்பேன்: மாத்திரை போடப்போகிற பெண்ணுக்குக் காலில் இரத்தக்கட்டு வந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா, நாள் எப்போது? அவருக்கு ஒன்றும் தெரியாது. போன் போட்டுக் கொடுங்கள், அந்தப் பெண்ணிடமே பேசுகிறேன் என்பேன். 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று, மூன்று நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். நாளை தீர்த்தம் என்று இன்று வந்து நின்றால் என்ன பலன்? அந்த மாத்திரை உடம்பில் கொஞ்சம் எதினைல் ஈஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். அதனால்தான் இரத்தக்கட்டைக் கேட்கிறேன். டாக்டர் சீட்டில்லாமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

கீழக்கரை மருமகள்:
நீங்கள் என்று நான் சொல்லவே இல்லையே. ஏன் இவ்வளவு நீளமான பதில்?

தொண்டித் தோணி:
அந்த மிளகாய் விஷயத்தில் லாத்தா சொன்னதுதான் சரி.

சாயல்குடிப் பனையன்:
பேச்சை மாற்றாதீர்கள். கேட்டது கிழங்கு. எங்கள் பாட்டி தண்ணீர்விட்டான் கிழங்கில் லேகியம் கிண்டிக் கொடுத்து ஒன்பது பிள்ளை பெற்றார். குதிரை மூத்திரம் குடிக்கவில்லை.

உச்சிப்புளி மருந்துக்கடைக்காரி:
தண்ணீர்விட்டான் வேறு, காட்டுவள்ளி வேறு தம்பி. கிழங்கு கிழங்கு என்று நேற்றிலிருந்து கத்துகிறவருக்கு எந்தக் கிழங்கு என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் செடிக் குடும்பமே வேறு.

சாயல்குடிப் பனையன்:
இரண்டும் கிழங்குதானே.

சின்னப்பாலம் பாசிக்காரி:
நாளைக்கு அமாவாசை. இனி ஆறு நாள் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போய்விடுவேன். வந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன். களிம்பு முக்கால் டப்பா மீதி இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா? பாதி விலைக்குத் தருகிறேன்.

சாயல்குடிப் பனையன்:
டப்பாவில் என்ன பெயர் போட்டிருக்கிறது அக்கா? போலியாக இருக்கும். அசல் கிழங்கு என்றால் வாசனையே வராது.