அம்மாவுக்கு கிரீன் கார்டு: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: அம்பாசமுத்திரம் வீடு

மல்லிகா (நியூ ஜெர்சி): அனைவருக்கும் வணக்கம். அம்மாவை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொள்வது பற்றிச் சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டோம். பிறகு எடுத்துப் பார்க்க உதவும் என்பதால், குரல் பதிவாக அனுப்பாமல் எழுதியே அனுப்புகிறேன். அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்த வரை பெற்றோருக்காக நான் மனுச் செய்ய முடியாது. 21 வயது நிறைந்த குடிமக்களுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. குடியுரிமை கிடைத்துவிட்டதால் இப்போதுதான் எனக்கு அந்தத் தகுதி வந்திருக்கிறது. குடிமகளின் தாய்க்கு ஆண்டு ஒதுக்கீடு என்ற வரிசை கிடையாது. உடன்பிறந்தவர்களுக்காக மனுப் போட்டவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பதைப் போல அம்மா காத்திருக்க வேண்டியதில்லை. காகிதங்கள் நகர்வதற்கு ஆகும் காலம் மட்டும்தான்.

சுந்தரம் மாமா: மிக்க மகிழ்ச்சி, மல்லிகா. அக்காவிடம் பத்தாண்டு விசிட்டர் விசா ஏற்கெனவே இருக்கிறதே. அதிலேயே வந்து இறங்கி, அங்கிருந்தபடியே விண்ணப்பித்துவிட்டால் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும் விசா நேர்காணலுக்கு அலையும் சிரமம் மிச்சமாகும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார்.

மல்லிகா: மாமா, அந்த யோசனையை என்னிடமும் சிலர் சொன்னார்கள். தங்கிவிடும் எண்ணத்தோடு வரும் அம்மாவிடம் விமான நிலைய அதிகாரி "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டால், "மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்லி நுழைந்ததாக முடிவு செய்துவிட்டால் நிரந்தரத் தடைகூட விழலாம். தடை வருகிறதோ இல்லையோ, 70 வயதைத் தாண்டிய அம்மாவைப் பொய் சொல்ல வைத்து என் வீட்டுக்குள் அழைத்து வர எனக்கு மனமில்லை. மும்பை வழியாக முறைப்படியே போவோம்.

சுந்தரம் மாமா: நீ சொல்வது சரி. நான் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

செந்தில்: அக்கா, இங்கே நான் எவற்றையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

மல்லிகா: முதல் மனுவின் பெயர் ஐ-130. அதில் நான் அம்மாவின் மகள் என்பதை நிரூபிக்க வேண்டும். நமக்குச் சிக்கல் வரக்கூடிய இடமும் அதுதான். என் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் "சுப்பம்மாள்" என்றிருக்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ "சுப்புலட்சுமி" என்றிருக்கிறது. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது, தாத்தா வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். இரண்டும் ஒருவரே என்று காட்ட அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும். அம்மா 1955-இல் வீட்டிலேயே பிறந்தவர்; பிறப்புப் பதிவு இல்லை. ஆகவே, பதிவேட்டில் பெயர் இல்லை என்று நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டும். அதனுடன் பள்ளிச் சான்றையும், கல்லிடைக்குறிச்சிப் பெரியம்மாவைப் போல மூத்த உறவினர் ஒருவரின் உறுதிமொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் தேவை. பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கு இப்போதே ஓட வேண்டாம். மனு ஏற்கப்பட்டு, நேர்காணலுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குக் கோப்பு போன பிறகு வாங்கினால் போதும்.

லதா: மதினி, அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. மருத்துவப் பரிசோதனையில் அதைக் காரணம் காட்டி மறுத்துவிடுவார்களா? அங்கே வைத்தியச் செலவை எப்படிச் சமாளிப்பீர்கள்?

மல்லிகா: லதா, மருத்துவப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்ப்பது காசநோய் போன்ற தொற்று நோய்களையும் தடுப்பூசிகளையும்தான். மார்பு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை செய்வார்கள். அதன் முடிவு வர 8 வாரம்கூட ஆகலாம். சர்க்கரையும் அழுத்தமும் அந்தத் தொற்றுப் பட்டியலில் இல்லை. செலவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 65 வயதைக் கடந்திருந்தாலும், இந்த நாட்டில் தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகுதான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அம்மா பிரீமியம் கட்டிச் சேர முடியும். அதுவரை தனியார் காப்பீட்டுக்கு நாங்கள்தான் கட்ட வேண்டும். இது தவிர, ஐ-864 என்ற பொறுப்புறுதிப் பத்திரத்தில் நான் கையெழுத்திட வேண்டும். அம்மாவையும் சேர்த்து எண்ணிய குடும்பத்துக்கு அரசு வகுத்த வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது எனக்கு இருக்க வேண்டும். அம்மா குடியுரிமை பெறும் வரையோ, நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும் வரையோ அந்தப் பொறுப்பு என்னைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். நானும் உங்கள் அண்ணனும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம், முடியும்.

அம்மா: மல்லிகா, நீ எழுதியதைப் பேத்தி எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகாமல் நான் ஓர் ஆண்டும் இருந்ததில்லை. கிரீன் கார்டு வாங்கினால் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்கலாமா?

மல்லிகா: அம்மா, நீங்கள் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். பலரும் கிரீன் கார்டை நீண்ட கால விசா என்று நினைத்து வாங்கிவிட்டு, பிறகு விமான நிலையத்தில் நின்று தவிக்கிறார்கள். உங்கள் வீடு அமெரிக்காவில்தான் என்று சொல்லும் அட்டை அது. பங்குனிக்கு ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால் ஒரு தடையும் இல்லை. ஒரே பயணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டினால் கேள்விகள் எழும். குடியுரிமைக்கான 5 ஆண்டுக் கணக்கும் அறுபடலாம். முன்னனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அட்டையைக் காட்டி உள்ளே வர முடியாது. அந்த மறுநுழைவு அனுமதியை இங்கே இருக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. ஆண்டில் பாதியை ஊரில் கழித்தால், ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பினாலும், "நீங்கள் உண்மையில் எங்கே வசிக்கிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்பார்கள். ஆகவே பாதிப் பாதி என்று எண்ணி வராதீர்கள். நீங்கள் என்னோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக உங்களிடம் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

செந்தில்: அம்மா, என்னையோ லதாவையோ நினைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் இந்த வீடு உங்களுடையது; பூட்டிக் கிடக்கவும் விடமாட்டேன்.

அம்மா: அப்படியானால் ஒன்று செய்வோம். மனுவை இப்போது போட வேண்டாம். இருக்கும் விசாவிலேயே கார்த்திகையில் வந்து, அந்தக் குளிர்காலத்தை உன்னோடு கழித்துவிட்டு, பங்குனி உத்திரத்துக்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். அதிகாரி கேட்டால், திரும்பிவிடுவேன் என்று உண்மையாகவே சொல்லலாம் அல்லவா? சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு வந்து, நிரந்தரமாக வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

மல்லிகா: சொல்லலாம் அம்மா. உள்ளே நுழையும்போது அதிகாரி எத்தனை நாள் அனுமதிக்கிறாரோ, அதற்குள் நிச்சயம் அனுப்பி வைக்கிறேன். அதுவரை நான் மனுப் போட மாட்டேன்.

சுந்தரம் மாமா: அக்கா சொல்வதே நல்ல வழி. ஆனாலும் ஆவணங்களை இப்போதே சேர்த்து வைப்போம். பெரியம்மாவின் உறுதிமொழியைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. அவர்களுக்கு இப்போதே 84 வயது.

செந்தில்: நாளைக் காலையிலேயே நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். அம்மா, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்கே இருக்கிறது?

அம்மா: பீரோவின் மேல் தட்டில், மஞ்சள் பைக்குள், அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. பையைக் கலைத்துவிடாதே, நானே எடுத்துத் தருகிறேன்.