கார்பென்டர்ஸ் ராக் பேண்டா இல்லையா? உங்களுக்கு நடந்த வாக்குவாதத்தைச் சொல்லுங்க

எல்பி பிரியன்:
நடந்து ரொம்ப வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கிளீவ்லேண்ட்ல வேலை பார்த்தப்போ ஆபீஸ் பக்கத்துல ஒரு பழைய ரெக்கார்ட் கடை. ரிச்சர்ட், கேரன்னு அண்ணன் தங்கை ரெண்டு பேரோட பேண்டான கார்பென்டர்ஸோட 'எ சாங் ஃபார் யூ' எல்பி தேடி ராக் வரிசைல புரட்டிட்டு இருந்தேன். கவுண்டர்ல இருந்த பெரியவர், "அது இங்க இருக்காது, ஈஸி லிஸனிங் பக்கம் பாருங்க"ன்னார், அதாவது மெல்லிசை வரிசை. ஈகிள்ஸ் இங்க இருக்கு, அமெரிக்காங்கிற பேண்டும் இங்க இருக்கு, இவங்க மட்டும் ஏன் அந்தப் பக்கம்னு கேட்டேன். பதிலே சொல்லல. நான் போய் எல்பிய எடுத்துட்டு வந்து 'குட்பை டு லவ்' போடச் சொன்னேன்.

கடைசில வர்ற கிட்டார் சோலோ உங்க எல்லாருக்கும் தெரியும், கிட்டாரிஸ்ட் டோனி பெலூசோ ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பாக்குற எஃபெக்ட்) போட்டுக் கிழிக்கிற இடம். கேரன் பாடி முடிச்சு, கோரஸ் மேல ஏறி, கிட்டார் வந்து மொத்தப் பாட்டையும் இழுத்துட்டுப் போகும். 1972ல ஒரு மெதுவான காதல் பாட்டுக்குள்ள அப்படி ஒரு சத்தம்! பெரியவர் அப்போ ஒரு கவர்ல விலை ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருந்தார். ஸ்டிக்கர் விரல் நுனிலயே நிக்குது, பாட்டு தேய்ஞ்சு அடங்குற வரைக்கும் ஆள் அசையல. அப்புறம் ஊசிய தூக்கி வச்சார். "கிட்டார்காரன் ராக். பேண்ட் இல்ல." அவ்ளோதான், பில் போட்டுட்டார்.

அந்தப் பதில் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, கடைக்காரர் சொன்னது சரி எண்டுதான் நான் நினைக்கிறன். ஒரு சோலோ வந்தாப்போல ராக் ஆகாது. அந்தப் பாட்டு வந்த நேரம் அவையின்ர ரசிகர்மாரே, நீங்கள் ஹார்ட் ராக்குக்குப் போயிட்டியள் எண்டு கோவிச்சுக் கடிதம் போட்டவை. கேக்கிற சனத்துக்கே அது ராக் பேண்ட் இல்லை எண்டு தெரிஞ்சபடியாத்தானே கோவம் வந்தது?

என்ர கதை சின்னது. கொழும்பில அப்பா ரேடியோவில எப்பவும் ஆங்கில சேவைதான் போடுவார். ஒருநாள் பிரெட் எண்ட குழுவின்ர 'இஃப்' பாட்டுப் போகுது. மாமா லெட் செப்பெலின் எண்ட ஹார்ட் ராக் பேண்டில பைத்தியம், வந்து ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு இதெல்லாம் பாலர் வகுப்புப் பாட்டு எண்டார். அப்பா ஒண்டும் சொல்லேல்லை, திருப்பிப் போட்டார். மாமா திருப்பி நிப்பாட்டினார். அண்டைக்கு ரெண்டு பேரும் சோத்துக்கோப்பைக்கு முன்னால இருந்தும் ஒரு கதையும் இல்லை. மாமாவுக்கு ஒரு விஷயம் தெரியாது: பிரெட்டில டேவிட் கேட்ஸ் எழுதின மெல்லிசுப் பாட்டுகளைத்தான் சிங்கிளா விட்டவை. ஜேம்ஸ் கிரிஃபின்ர பாட்டுகள் கொஞ்சம் முறுக்கு, அதுகள் அல்பத்துக்குள்ளயே கிடந்தது. 1973ல குழு உடைஞ்சதுக்கு அந்த இழுபறியும் ஒரு காரணம். ராக் எண்டு வாதாடுறதெண்டா பிரெட்டுக்கு வாதாடுங்கோ.

டிரம்ஸ்காரி:
எல்லாரும் கிட்டாரையே பிடிச்சுத் தொங்குறீங்க, கேரன் முதல்ல டிரம்மர். 1975ல பிளேபாய் வாசகர் ஓட்டெடுப்புல லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் பானமையே தாண்டி வந்தாங்க. கிளாஸ்ல ஒரு பையன்கிட்ட அவங்க 1976 டிவி ஸ்பெஷல்ல செட் செட்டா மாறி மாறி வாசிக்கிற கிளிப்பைக் காட்டினேன். பாத்துட்டு, "நல்லா வாசிக்கிறாங்க, ஆனா மூஞ்சில கோபமே இல்லையே"ன்னான். ராக்குக்கு மூஞ்சி எதுக்குடா? எனக்கு அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகல.

எல்பி பிரியன் அண்ணா, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்த வாதத்துக்கு ஸ்ட்ரீமிங்ல இருக்கிறதை மட்டும் நம்பி இறங்காதீங்க. ரிச்சர்ட் கார்பென்டர் பழைய பாட்டுங்கள பின்னாடி பல தடவை ரீமிக்ஸ் பண்ணிருக்கார். 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' 1973 சிங்கிளுக்கு கேரன் திரும்பப் பாடினாங்க, 'டிக்கெட் டு ரைட்' கூட அந்த வருஷத் தொகுப்புக்காகத் திரும்பப் பண்ணினது. அதனால 1972ல ஜனங்க கேட்டது என்னன்னு பேசணும்னா அந்தக் காலத்து ஏ அண்ட் எம் (அவங்க ரெக்கார்ட் கம்பெனி) எல்பிதான் வேணும். வாங்கும்போது கவரை மட்டும் பாக்காம தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நகத்துல தட்டுப்படற கீறல் இருந்தா வேண்டாம், வாங்கினதும் ஊசி வைக்கறதுக்கு முன்னாடி கழுவிடுங்க. கேரன் டிரம்ஸ் கேக்கணும்னா ஹிட் பாட்டுங்கள விட்டுடுங்க, அதுல நிறைய ஹால் பிளெய்ன்ங்கிற ஸ்டுடியோ டிரம்மர் வாசிச்சது, 'க்ளோஸ் டு யூ' உட்பட. 1969 முதல் ஆல்பமும் 1973 'நவ் அண்ட் தென்'னும் எடுங்க, அதுல பெரும்பாலும் அவங்க கைதான். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர்ல கேளுங்க, கிக் டிரம் நெஞ்சுல படணும்.

பேஸ் வாசிப்பவன்:
நாங்க டல்லாஸ்ல வீக்கெண்ட் கவர் பேண்ட். ஒரு கல்யாண ஆர்டர்ல சிகாகோவோட 'இஃப் யூ லீவ் மீ நவ்' கேட்டாங்க, எங்க டிரம்மர் குச்சிய கீழ வச்சுட்டார், இது ராக் இல்ல, வாசிக்க மாட்டேன்னு. மாப்பிள்ளை வீட்டாள் ஸ்டேஜ் ஓரத்துல நின்னு பாத்துட்டு இருக்கார்! நான் ஒண்ணும் பேசாம '25 ஆர் 6 டு 4' பேஸ் லைனை ஆரம்பிச்சேன். பழக்கதோஷத்துல குச்சிய எடுத்துட்டார். அதே பேண்ட், ரெண்டையும் பாடினது அதே பீட்டர் செடெரா, நடுவுல ஆறு வருஷம்தான். அது முடிஞ்சதும் நிறுத்தாம மெதுவான பாட்டுக்கு இறங்கிட்டோம், அவரும் வாசிச்சார். பேண்டுக்கு முத்திரை குத்தாதீங்க, பாட்டுக்குப் பாட்டு பாருங்கன்னுதான் நான் சொல்வேன். ராக் ஹால் ஆஃப் ஃபேம்ல பீ ஜீஸ் 1997, ஆபா 2010, சிகாகோ 2016. கார்பென்டர்ஸ் இல்ல. இதுக்கு என்ன கணக்குன்னு யாராவது விளக்குங்க.

ஸ்கார்பரோ அண்ணை:
ஹாலுக்குள்ள போனதெல்லாம் ராக் எண்டா பிறகு இந்தக் கதைக்கே இடமில்லை தம்பி. ஆபாவை நானும் விரும்பிக் கேக்கிறனான். ராக் எண்டு சொல்லமாட்டன்.

எல்பி பிரியன்:
அண்ணை, ஹாலை விடுங்க, நீங்க சொன்ன கடிதத்துக்கே வர்றேன். ரசிகர்களுக்குக் கோபம் வந்துச்சுன்னா அந்தச் சத்தம் அவங்க காதுல ராக்காவே விழுந்திருக்குன்னுதானே அர்த்தம்? கடைக்காரர் கிட்டாரையும் பேண்டையும் பிரிச்சார், அதுதான் எனக்கு ஒத்துக்கவே முடியல. பெலூசோ ஒரு நாள் வந்து வாசிச்சுட்டு காசு வாங்கிட்டுப் போன ஆள் இல்ல. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அவங்க கூடவே டூர் போனவர். அவரைத் தேடிக் கூப்பிட்டதும் அவங்கதான், அந்த சோலோவ அப்படியே ரெக்கார்டுல விட்டதும் அவங்கதான்.