கலைச்சொல்: சுவாசக் காரமிகையா, சுவாசக் காரமேற்றமா?

அனைவருக்கும் வணக்கம். ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸுக்குச் ‘சுவாசக் காரமிகை’ என்று வைக்கலாமா? மூச்சு மிகும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போக, ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.45-ஐத் தாண்டுகிறது. காரம் மிகுந்த நிலை என்பதால் காரமிகை. ‘காரநோய்’ வேண்டாம், இது தனி நோயல்ல. காய்ச்சல், வலி, பதற்றம், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் கடும் நிலை), நுரையீரலில் ரத்தக்கட்டி என எதிலும் வரும்.

> காரம் மிகுந்த நிலை என்பதால் காரமிகை

ஐயா, இங்கேதான் இடிக்கிறது. ரத்தம் காரமாக இருக்கும் நிலைக்குப் பெயர் ஆல்கலீமியா. பிஎச்-ஐ மேலே தள்ளும் போக்குதான் ஆல்கலோசிஸ். ஆஸ்பிரினை அளவு மீறி விழுங்கியவருக்கு மூளையின் மூச்சு மையம் தூண்டப்பட்டு கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 20 மி.மீ.-க்கு இறங்கலாம். கூடவே அமிலங்கள் சேர்ந்து ரத்தத்தில் உள்ள காரப்பொருளான பைகார்பனேட் லிட்டருக்கு 12 மில்லிமோலுக்கு வரலாம். கணக்குப் போட்டால் பிஎச் 7.40. அந்த அறிக்கையில் ‘காரமிகை’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘சுவாசக் காரமேற்றம்’ என்றால், ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பது புரியும். காரமிகையை ஆல்கலீமியாவுக்கு வைத்துக்கொள்வோம்.

மாறிய பிஎச்-ஐ உடல் தானே சரிக்கட்ட முயலும் காம்பன்சேஷனுக்கு ‘ஈடுகட்டல்’ போதும். அழுத்தம் 10 மி.மீ. குறைந்தால் பைகார்பனேட் உடனடியாக 2 மில்லிமோல் அளவில் குறையும். இரண்டு மூன்று நாள் நீடித்து சிறுநீரகமும் ஈடுகட்டினால் 4 முதல் 5 வரை.

> காரமேற்றம்

ஏற்கிறேன். அகராதிப் பதிவில் இரண்டு செய்திகள் கட்டாயம் இருக்கட்டும். விரலும் உதட்டோரமும் மரத்துப்போவது, கை இழுத்துக்கொள்வது ஆகியவற்றுக்குக் காரணம், ரத்தப் புரதமான அல்புமின் கூடுதலாகக் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, எதனோடும் ஒட்டாமல் உலவும் அயனிக் கால்சியம் குறைவதே. மொத்தக் கால்சியம் சரியாகவே காட்டும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று சிகிச்சை. காகிதப்பைக்குள் மூச்சு விடச் சொல்வது ஆபத்து. ரத்தக்கட்டியோ நிமோனியாவோ இருந்தால் ஆக்சிஜன் மேலும் சரியும். ஆக்சிஜன் செறிவையும் தமனி ரத்த வாயுவையும் பார்த்து, மூல காரணத்தைத் தேடிச் சரிசெய்வதே வழி. வெறும் பதற்றம்தான் என்று உறுதியான பிறகு, பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்லி மெதுவாக மூச்சு விடப் பழக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சு எண்ணிக்கையையோ ஒரு மூச்சின் கொள்ளளவையோ குறைக்க வேண்டும். ஆனால் நோயாளி தானாகவே வேகமாக மூச்சிழுத்தால் எண்ணிக்கையைக் குறைத்துப் பயனில்லை. வலியையும் பதற்றத்தையும் முதலில் தணிக்க வேண்டும்.