தாத்தா மேசை டிராயருக்குப் பூட்டு தேடி அலைந்த அனுபவம்

தாத்தாவின் எழுதுமேசை இப்போது என் வீட்டில் இருக்கிறது. பர்மா தேக்கு. அதன் நடு டிராயரில்தான் வீட்டுப் பத்திரமும் அம்மாவின் பென்ஷன் புத்தகமும். போன கார்த்திகையில் ஒருநாள் சாவி சுற்றியது, ஆனால் பூட்டின் நாக்கு (மேலே எழுந்து டிராயரைப் பிடிக்கிற துண்டு) மேலே வரவில்லை. கழற்றிப் பார்த்தால், நாக்கில் சாவி இடிக்கிற வெட்டு தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

ஹார்டுவேர் கடையில் போய் "டிராயர் பூட்டு" என்று மட்டும் கேட்டேன். மல்டி பர்ப்பஸ் லாக் ஒன்றை, அதாவது பலகையைக் குடைந்து மாட்டும் குழல் வடிவப் பூட்டை, எடுத்துக் கொடுத்தார்கள். அதன் குழல் நீளம் 22 எம்எம். என் மேசைப் பலகையோ முழுசாக ஓர் அங்குலம், 25 எம்எம். பூட்டின் முகம் வெளியே எட்டாது. அதோடு, அதை மாட்ட வேண்டுமானால் சின்னச் சாவித் துவாரம் இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழையுமளவு வட்டமாகக் குடைய வேண்டும்.

நல்லவேளை, டிரில்லை எடுக்குமுன் ஆசாரியைக் கூப்பிட்டேன். "குடைஞ்சிட்டா திரும்ப ஒட்ட முடியாதும்மா. பழைய பூட்டையே கையில எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க" என்றார். பலகையின் கனம், பூட்டுத் தகட்டின் அகலம், பலகையின் மேல்விளிம்பிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரைக்குமான தூரம், மூன்றையும் அளந்து துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடைசி அளவு நான் யோசித்தே பார்க்காதது. அடுத்த கடையில் கிடைத்த பித்தளைப் பூட்டு மற்ற எல்லாவற்றிலும் பொருந்தியது, அந்தத் தூரம் மட்டும் 4 எம்எம் கூட. வெளித் துவாரத்தில் சாவியை விட்டால் நேராகத் தகட்டில் போய் முட்டுகிறது.

கடைசியில் திண்டுக்கல் போனேன். பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். அங்கே மாங்காய் வடிவத் தொங்குபூட்டான மாங்காய்ப் பூட்டு மட்டும்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னப் பட்டறையில் பெரியவர் ஒருவர் பழைய சாவியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டின் பெட்டி அதேதான், நாக்கு மட்டும் புதிதாக அறுத்தார். சாவி தூக்கிவிடும் சின்னத் தகடுகளான லீவர்கள் மூன்றையும் அடுக்கி, சாவியைத் திருகி, எது இடிக்கிறதோ அதை வெளியே எடுத்து அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடி மாட்டி, மறுபடி திருகி... இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் "டக்"கென்று நாக்கு எழுந்தது. தாத்தா கையில் தேய்ந்த அதே சாவி! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வீட்டு இரட்டைக் கதவு அலமாரி ஞாபகம் வந்தது. 18 எம்எம் பிளைவுட், இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியதும் 20 எம்எம் ஆகிவிட்டது. பிளைவுட் கனத்தை மட்டும் சொல்லி கேம் லாக் (சாவியோடு நாக்கும் சேர்ந்து சுழலும் பூட்டு) வாங்கியதில் முதல் நஷ்டம். அது போகட்டும். வலது கதவில் பூட்டு போட்டோம், தங்கை மகன் இரண்டு கதவையும் சேர்த்து இழுத்தான், திறந்துகொண்டது. பூட்டின் நாக்கு இடது கதவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கதவைப் பிடிக்க ஒன்றுமே இல்லை! இடது கதவின் உள்ளே மேலும் கீழும் டவர் போல்ட் (தாழ்ப்பாள்) வைத்த பிறகுதான் பூட்டுக்கு அர்த்தம் வந்தது. மருந்து வைக்கிற அலமாரி என்பதால் அன்றைக்கு ரொம்பப் பயந்துவிட்டேன்.

*

என் அனுபவமும் ஒன்று. ஆபீஸ் மேசைக்குக் கீழே இருக்கும் மூணு டிராயர் பெட்டிக்கு ஒரே பூட்டுதான், உள்ளே ஒரு பட்டை ஏறி இறங்கி மூன்றையும் பிடிக்கும். சாவி தொலைந்தால் உடனே நெம்பாதீர்கள். பூட்டு முகத்தில் பொடி எழுத்தில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த நம்பரைச் சொல்லித்தான் மாற்றுச் சாவி கிடைத்தது. ஆனால் அதற்குள் மேல் டிராயரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வளைத்திருந்தேன், இன்றுவரை அது சரியாக மூடுவதில்லை.

*

அலமாரி பற்றி எழுதிய தம்பி, டவர் போல்ட் விஷயம் எனக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மாவின் மாத்திரை அலமாரியும் இரட்டைக் கதவுதான். இப்போதே போய் இழுத்துப் பார்த்தேன், திறந்துகொண்டது. நாளைக் காலையில் ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன்.