புதுப்பிப்பு: கடலுக்கும் ஏரிக்கும் ஒரே தூண்டில் செட் போதுமா?

முன்பு கேட்டிருந்த கேள்விக்கு விடை: போதும், ஆனால் ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றும் உருளை) இரண்டு வேண்டும். 8 அடி மீடியம் (நடுத்தர விறைப்புள்ள) ராடு, 4000 அளவு ரீல். கடலுக்கு 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்), முனையில் ஒரு மீட்டர் ஃப்ளூரோகார்பன் (உரசலைத் தாங்கும் ஒற்றை இழை நூல்). பாறையில் உரசினால் பிரெய்டு சட்டென்று அறுந்துவிடும். ஏரிக்கு 8 பவுண்டு மோனோ (சாதாரண நைலான் ஒற்றை இழை நூல்).

எந்த நாள் கடலுக்கு, எந்த நாள் ஏரிக்கு என்று பிரிக்கும்போது கடலை முதலில் குறியுங்கள். ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீரேற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் விடியலோடு சேரும் நாட்கள் கடலுக்கு, மிச்சம் ஏரிக்கு. ஏரியில் காற்று மோதும் கரையே நல்லது (தூண்டிலை வீசத்தான் சிரமம்).

ரீலைக் கழுவும்போது டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு எளிதில் வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) இறுக்கி, நன்னீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். அனுமதிச் சீட்டு இரண்டு நீருக்கும் தனித்தனியா என்பதையும் கிளம்பும் முன்பே பாருங்கள்.