கோல் வெயிட்டிங்: காத்திருப்பது யார்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் கைபேசி அமைப்புகளுக்கான சொற்பட்டியலில் ‘கோல் வெயிட்டிங்’ (call waiting: ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் அழைப்பு வருவதைத் தெரிவிக்கும் வசதி) என்பதற்கு எதிரே ‘அழைப்புக் காத்திருப்பு’ என்று எழுதி, ஆட்சேபணை இல்லையென்றால் முடித்துவிடலாம் என்றிருந்தீர்கள். எனக்கு ஆட்சேபணை உண்டு. இலங்கையின் வன்னியிலுள்ள விசுவமடுவில் பெரியம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது தோன்றியது.

காலபோக அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை நேரம். வெட்டு மெசின்காரர் எங்கள் பக்கம் வரும்போது கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். பெரியம்மா கனடாவிலிருக்கும் மகளோடு அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மெசின்காரர் மூன்று தரம் எடுத்திருக்கிறார், மூன்று தரமும் லைன் பிசி. மெசின் அடுத்த வயலுக்குள் இறங்கிவிட்டது. “எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே தம்பி” என்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

போனைப் பேரன் தமிழில் போட்டுக் கொடுத்திருந்தான். அமைப்புகளுக்குள் போய் ‘அழைப்புக் காத்திருப்பு’ என்ற வரியைக் காட்டி, இதைப் போட்டுவிட்டால் சரி என்றேன். கண்ணாடியை இறக்கி எழுத்தெழுத்தாக வாசித்தார். “ஆற்ற கோலுக்குக் காத்திருக்கிறதாம்?” யாருடைய அழைப்புக்கு என்று கேட்கிறார்.

பெரியம்மா வாசித்ததும் இலக்கணப்படி சரிதான். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ‘க்’ மிகுந்து நிற்கிறது. அங்கே ‘கு’ உருபு மறைந்திருப்பதாகக் கொள்ளலாம். அழைப்புக்குக் காத்திருப்பு, நான்காம் வேற்றுமைத் தொகை. அப்படி வாசித்தால் காத்திருப்பவர் போனை வைத்திருப்பவர். உண்மையில் காத்திருப்பதோ மறுமுனையில் இருப்பவரின் அழைப்பு. ‘க்’கை எடுத்துவிட்டு ‘அழைப்பு காத்திருப்பு’ என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படி எழுதினால் வாசிக்கிறவர் அதை ஒற்றுப்பிழை என்றுதான் எண்ணுவார். ஓர் ஒற்றை நம்பிப் பொருளை ஒப்படைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். அழைப்புக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று வன்னியில் நிறைய வீடுகளுக்குத் தெரியும். அந்தச் சொற்களை ஒரு பொத்தானுக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘காத்திருக்கும் அழைப்பு’ என்ற யோசனை பொருளில் நேரானது. ஆனால் அது வந்து நிற்கும் அழைப்பின் பெயர், வசதியின் பெயர் அல்ல. ‘காத்திருக்கும் அழைப்பை இயக்கு’ என்று திரையில் கண்டால், இப்போது யாரோ லைனில் நிற்கிறார்கள் என்று அவசரமாக அழுத்துவார்கள். ‘கோல் வெயிட்டிங்’ என்றே விடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கோல் எடுப்பதும் கோல் வருவதும் எங்கள் பேச்சில் எப்போதோ தமிழாகிவிட்டன. ஆனால் ‘வெயிட்டிங்’ பெரியம்மாவுக்கு எதையும் சொல்லாது.

நான் முன்வைப்பது ‘இடையழைப்பு’. ஒரு பேச்சுக்கு இடையில் வருகிற அழைப்பு. இடைவேளை, இடைத்தேர்தல் என்று பழகிய ‘இடை’தான். யார் காத்திருக்கிறார் என்ற குழப்பமே எழாது. பொத்தானிலும் அடங்கும்: ‘இடையழைப்பு வசதி’.

அப்புறம், இதன் சோடிச் சொல்லையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இடையழைப்பை எடுக்கும்போது முதலில் பேசியவரை ‘ஹோல்ட்’ போடுகிறோம். அங்கேயும் ஒருவர் காத்திருக்கிறார்; ஆகவே ‘காத்திருப்பு’ என்று வைத்தால் இரண்டும் முட்டும். இதற்கு ‘தரிப்பு’ என்பேன். தமிழக நண்பர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இங்கே பஸ் நிற்கும் இடம் பஸ் தரிப்பிடம், வண்டி விடும் இடம் வாகனத் தரிப்பிடம். ஏ9 வீதியால் போகிற எவரும் வாசித்த சொல். தரித்து நிற்கிற வண்டி திரும்பவும் புறப்படும், துண்டித்த அழைப்பு புறப்படாது. ‘முதல் அழைப்பு தரிப்பில் உள்ளது’ என்று வந்தால் பெரியம்மாவுக்கு விளங்கும்.

உதவிக் குறிப்பு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வசதி கைபேசிக்குள் மட்டும் இருப்பதல்ல, வலையமைப்பில் பதிவாவது. அதனால்தான் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றுகிறது. கவரேஜ் இல்லாத இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டு சிம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மெனுவில் தேட முடியாதவர்கள் *43# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தலாம். #43# நிறுத்தும், *#43# நிலையைக் காட்டும். சாதாரண பட்டன் போனிலும் இதே குறியீடுகள்தான்.

பெரியம்மாவுக்கு நான் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். பிறகு மகளுக்கு எடுத்துப் பேசச் சொல்லிவிட்டு, முற்றத்து வேம்படியில் நின்று என் போனிலிருந்து அழைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “காதுக்கை டிக் டிக் எண்டுது, இதுவே தம்பி?”

அந்த ‘டிக் டிக்’குக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. ‘இடையழைப்பு ஒலி’ என்று எழுதியிருக்கிறேன். ‘தரிப்பு’ உங்கள் ஊர்க் காதுக்கு ஒட்டுகிறதா என்று தமிழகத்திலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் சொல்லுங்கள். அதைக் கேட்டபின் இரண்டு வரியையும் மாற்றிவிடலாம்.